கழுத்து ரப்பருக்குப் பூசிய எண்ணெய்

தம்பி,

நீ சனிக்கிழமை விடியப் புறப்படுகிறாய். உன் பெட்டிகள் நடைவழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்பா அவற்றில் கால் இடறும்போதெல்லாம், "ஹலிஃபக்ஸிலை கடை ஒண்டும் இல்லையாமோ?" என்று கேட்கிறார். உனக்குக் கோபம் வருகிறது. கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமை இடறுவதற்கு ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். நான் உன் சட்டைகளை மடித்துக்கொண்டே இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீ ஒன்று சொன்னாயே, அன்றிலிருந்து. "அங்கை கடல் வீட்டுக்குக் கிட்ட அம்மா. கரையிலையிருந்து நடந்தே இறங்கலாம். தனியத்தான் இறங்கப்போறன். ஆரையும் நம்பித் தண்ணிக்குள்ளை போகேலாது" என்றாய். சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டாய். நான் ஊற்றினேன். குழம்பு மேசைவிரிப்பில் சிந்தியதை நீ கவனிக்கவில்லை.

ஆரையும் நம்பேலாது என்பதை உனக்குப் பழக்கிவிட்டது நான்தான். ஒரு சொல்லும் சொல்லாமல், வாயை மூடிக்கொண்டிருந்தே பழக்கிவிட்டேன். நீ அந்த எண்ணத்தோடு கடலுக்குப் போவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாக வாசி. உன் கையில் தந்த பிறகு இதே கடிதத்தை நம்முடைய சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் மேல் பழி விழுந்தது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

என்னைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நான் பதினைந்து வயதில் மொன்றியலுக்கு வந்தேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் விட்டார்கள். அந்த ஆசிரியை நல்லவர். ஒவ்வொரு காலையும் ஒவ்வொருவராக எழுந்து நின்று ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பார். மற்றப் பிள்ளைகள் பிழையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் முறை வரும்போது எனக்கு ஒரு சொல்லும் வராது. நின்றுகொண்டே இருப்பேன். அவர் காத்திருப்பார். வகுப்பே காத்திருக்கும். பதினாறு வயதில் ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி, மாமி வேலை செய்த தையல் தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே மெஷின்களின் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. எனக்கு அது சொர்க்கம். கை வேலை செய்தால் போதும், வாய் தேவையில்லை. அன்றைக்குப் பழகியதுதான். ஒரு பொருள் பழுதாகிவிட்டால் யாரிடமும் கேட்காமல் நானே திருத்திவிடுவேன். ஒரு விஷயம் பிழைத்துவிட்டால் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவேன். முதலாவதை நீ எப்போதும் மெச்சினாய். இரண்டாவதை நீ பார்த்ததில்லை.

நீ வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம் நீர்மூழ்கப் பழகினாய். அப்பா, "கடல் தாண்டி ஆகாசத்தாலை வந்து சேர்ந்தம். இவன் என்னடா எண்டால் குளத்துக்கு அடியிலை போறான்" என்றார். குளம்கூட இல்லை அது. ஒரு காலத்தில் கல் உடைத்த பள்ளம், தண்ணீர் நிறைந்து கிடந்தது. இங்கிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். ஓகஸ்டிலும் மேலே மட்டும்தான் வெதுவெதுப்பு, நாலு ஆள் உயரத்துக்குக் கீழே ஃபிரிட்ஜ் தண்ணீர் என்றாய். எனக்குப் பயத்தில் நித்திரை வரவில்லை. அதனால் ஒரு நாள் "நானும் வாறன்" என்றேன். நீ ஆச்சரியப்பட்டாய். ஆனால் கூட்டிக்கொண்டு போனாய்.

அங்கேதான் பிரபுவை முதலில் கண்டேன். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரபு சேலத்திலிருந்து இங்கே படிக்க வந்து கணினி வேலையில் சேர்ந்தவன், உன்னோடு ஒரே வகுப்பில் நீர்மூழ்கப் பழகியவன், உன் தண்ணீர்த் துணை. இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. ஒருவர் மற்றவருடைய காற்றுச் சிலிண்டர், பட்டிகள், உடுப்பின் ஸிப், கழுத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் கால் வைப்பீர்கள். பிரபு என்னைக் கண்டதும், "ஆன்ட்டி, உள்ள ஒரு பழைய ஸ்கூல் பஸ் மூழ்கிக் கிடக்கு. உங்க பையன் டெய்லி ஸ்கூலுக்குத்தான் போறான், கவலைப்படாதீங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். நான் விட்டுவிட்ட பஸ்ஸை நீ தண்ணீருக்கு அடியில் போய்ப் பிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு நீ மேலே வந்ததும் ஒரு கையை உயர்த்தி உன் தலையில் வைத்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. தலையில் கை வைத்தால் எங்களுக்கு என்ன அர்த்தம்? "ஐயோ என்ரை பிள்ளை!" என்று கத்திக்கொண்டு செருப்போடு தண்ணீருக்குள் ஓடினேன்.

"ஏன் அம்மா கத்திறீங்கள்? நல்லா இருக்கிறன் எண்டு கரைக்குச் சொல்லுறதுக்கு இதுதான் அடையாளம்!"

"நல்லா இருக்கிறவன் ஏன் தலையிலை கை வைக்கிறாய்?"

பிரபு தண்ணீருக்குள் நின்றபடி, "மச்சான், அடுத்த தடவை நீ தலையில கை வைக்காத. உன் தலையில நான் வைக்கிறேன். எங்கம்மா இங்க இல்ல" என்றான். அந்த வருடம் முழுக்க அப்படியே நடந்தது. அவன் தன் கையை உன் தலையில் வைப்பான். ஒன்றுக்கு இரண்டு தலை சிரித்துக்கொண்டு கரைக்கு வரும்.

என்னைச் சும்மா இருக்க விடாமல் நீ ஒரு வேலை தந்தாய். நீலக் கொப்பி. இறங்கிய நேரம், ஏற வேண்டிய நேரம், ஏறிய நேரம். இரண்டு பெயர்கள். சொன்ன நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் போனால் உதவிக்கு அழைக்க வேண்டும். மடக்குக் கதிரை, பிளாஸ்கில் பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ, மடியில் கொப்பி. ஒரு வார்த்தை கதைக்கத் தேவையில்லாத, ஆனால் நான் இல்லாவிட்டால் நடக்காத வேலை. அப்படி ஒரு வேலை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. குமிழிகள் வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு கூட்டமாக வரும். ஒன்று நீ. ஒன்று அவன். எது யாருடையது என்று கொஞ்ச நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உன்னைவிட வேகமாக மூச்சு விடுவான்.

இனி என் பிழை.

ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்ததும் உன் ட்ரைசூட்டை, தண்ணீர் உள்ளே வராத அந்தத் தடித்த உடுப்பை, குளியல் தொட்டியில் போட்டு அலசி, ஷவர் கம்பியில் தொங்கவிடுவேன். நீ கேட்டதில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அதன் கழுத்தில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டி இருக்கும். தொண்டையை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஒரு நாள் பார்த்தேன், அதில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் வறண்டு கிடந்தது. வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். காய்ந்த எதற்கும் எங்கள் கை எண்ணெய்ப் போத்தலுக்குத்தானே போகும்? உன் தலைக்கு, கதவுப் பிணைச்சலுக்கு, தோசைக்கல்லுக்கு, என் தையல் மெஷினுக்கு. அந்த வெள்ளையைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்தேன். மெஷின் எண்ணெய் உன் கழுத்துத் தோலுக்கு ஆகாது என்று தேங்காயெண்ணெய் எடுத்தேன். விரல் நுனியில் தொட்டு, உனக்குச் சின்னதில் காய்ச்சல் வந்தால் நெஞ்சில் பூசுவது போலச் சுற்றிவரப் பூசினேன். மணம் போகும்வரை பழைய பருத்தித் துணியால் துடைத்தேன். ரப்பர் மினுங்கியது. அடுத்த கிழமை நீ அதைப் போட்டுக்கொண்டே, "இண்டைக்குக் கழுத்து என்ன லேசாப் போகுது" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒவ்வொரு கிழமையும் பூசினேன். கோடை முழுக்க.

அந்த ஒக்டோபர் ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். உனக்கு நினைவிருப்பது பாதிதான். மற்றப் பாதி கரையில் இருந்த எனக்கு. பதினொன்று பத்துக்கு இறங்கினீர்கள். பதினொன்று ஐம்பதுக்கு ஏற வேண்டும். இறங்கும் முன் பிரபு உன் கழுத்து ரப்பரை விரல்விட்டுச் சுற்றிவரச் சரிசெய்தான். வழக்கம்போல. பதினொன்று முப்பத்தொன்றுக்கு, நான் பார்த்துக்கொண்டிருந்த குமிழிகளுக்கு நடுவில் இரண்டு தலையும் ஒன்றாக மேலே வந்தன. யாரும் யாருடைய தலையிலும் கை வைக்கவில்லை.

கீழே, ஐம்பது அடிக்குக் கிட்ட, ரப்பர் கிழிந்து அந்த ஐஸ் தண்ணீர் உன் உடுப்புக்குள் நிறைந்ததாகப் பிறகு சொன்னாய். கை விறைத்து எந்தப் பொத்தானையும் அமர்த்த முடியவில்லை என்றாய். நான் கண்டது இதை: பிரபு உன் தோள் பட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உன் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி, மல்லாக்கக் கிடந்து கால் அடித்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தின் மேலால் தண்ணீர் போய்வந்தது. உன் முகத்தில் ஒரு தரமும் படவில்லை. கரையில் இருந்தவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். உன் உதடு நீலம். போர்வையைச் சுற்றினேன். பல் அடித்துக்கொண்டே நீ சொன்ன முதல் பேச்சு அவனுக்கு.

"நீதானே கழுத்தைச் சரி பண்ணினனீ. நகத்தை வெட்டு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"இல்லடா, மெதுவாத்தான் பண்ணேன்..."

"செத்திருப்பன்! இனி உன்னோடை நான் இறங்க மாட்டன்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு குனிந்து உன் துடுப்புகளைக் கழற்றினான். நான் ரீ ஊற்றினேன். அப்போது எனக்கும் தெரியாது, தம்பி. நம்பு. கொப்பியில் ஏறிய நேரத்தை எழுதினேன். பக்கத்தில் "ஏன்" என்று எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன்.

தெரிந்தது ஒரு மாதம் கழித்து. உனக்கு வேலை, அதனால் உடுப்பைக் கடைக்கு நான் கொண்டு போனேன். கடைக்காரர் அந்தக் கிழிந்த ரப்பரை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். அது பிசின் போல ஒட்டியது. மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார், யார் இதற்கு எண்ணெய் போட்டது என்று. அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். எண்ணெய் இந்த ரப்பரைத் தின்றுவிடும், பவுடர் மட்டும்தான் போட வேண்டும் என்று ஒரு டப்பாவைத் தட்டிக் காட்டினார். நான் கழுவி எடுத்த வெள்ளை அந்தப் பவுடர்தான். உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததைக் கழுவிவிட்டு, அறுப்பதைப் பூசியிருக்கிறேன். பதினைந்து வயதில் வகுப்பில் எழுந்து நின்றது போலவே அவருக்கு முன்னால் நின்றேன். "தெரியாது" என்றேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய். "கிழிஞ்சுதாம், வேறை போட்டுத் தருவினமாம்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அது இவ்வளவு நாள் தாங்கியது. முழுப் பொய் சொல்லியிருந்தால் அடுத்த நாளே உடைந்துபோயிருப்பேன்.

அடுத்த வருடம் தீபாவளிக்குப் பிரபு இனிப்புப் பெட்டியோடு வந்தான். நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் நம்முடைய சமையலறை மேசையில் இருந்து ரீ குடித்தான். "என் நகம்தான் ஆன்ட்டி. அவன் சொன்னது சரிதான். இப்ப வாரா வாரம் வெட்டிடறேன்" என்று இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளை காட்டுவது போல. அவனுக்கு எதிரே, ஓர் அடி தூரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது. நான், "இன்னும் கொஞ்சம் ரீ குடியுங்கோ" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய பிழை எண்ணெய் பூசியது இல்லை. அது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நீ என்னைத் திட்டுவாய் என்று பயப்படவில்லை. நீ என்னைத் திட்டமாட்டாய் என்று தெரியும். ஆனால் அடுத்த முறை உன் பொருளை என் கையில் தரும்முன் ஒரு கணம் யோசிப்பாய். அந்த ஒரு கணத்துக்குப் பயந்தேன். அதற்காக இரண்டு பேரின் சிநேகிதத்தைப் பலி கொடுத்துவிட்டேன். கரையில் இருந்து உன்னைக் காவல் காக்கிறேன் என்று நினைத்தவள், உன்னைக் காவல் காத்தவனை உன்னிடமிருந்து பிரித்துவிட்டேன்.

போன வியாழன் பின்னேரம் ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லாசாலில் இருக்கும் பிரபு வீட்டுக்குப் போனேன். மெட்ரோவில் கடைசி நிறுத்தம்வரை, பிறகு பஸ். அவன் கதவைத் திறந்ததும், "ஆன்ட்டி! என்ன திடீர்னு? அவனுக்கு ஒண்ணுமில்லையே?" என்றான். முதல் கேள்வியே அதுதான். நான் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். எண்ணெயிலிருந்து தீபாவளிவரை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவன் தன் நகங்களைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் ஆன்ட்டி" என்றான். "கிட்டார் கத்துக்கலாம்னு வாங்கினேன். அதுக்கு நகம் வேணும்னாங்க. வேணாம்னு விட்டுட்டேன்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு டீ குடிச்சப்பவே சொல்லியிருக்கலாமே."

"ஓம்" என்றேன்.

சமையலறைக்குள் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. இரண்டு கோப்பை ரீ கையில். "உள்ள வாங்க. சப்பாத்து பரவால்ல" என்றான், எங்கள் சொல்லை வைத்தே. அந்த ஒக்டோபருக்குப் பிறகு அவன் ஒரு நாளும் தண்ணீருக்குப் போகவில்லை, தம்பி. தன் கையை நம்ப முடியவில்லையாம். சிலிண்டர் பால்கனியில் துளசிச் சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீ தனியே இறங்கப்போகிறாய் என்று சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "லூசா அவன்? கை விறைச்சா யாரு பிடிப்பா?" என்று கத்தினான். அவனுடைய முழுக் கோபமும் அந்த ஒரு வசனத்தில்தான் வெளியே வந்தது. "நீங்களே அவனோடை கதைக்கலாமே" என்று பிரபுவைக் கேட்டேன். "மாட்டேன் ஆன்ட்டி. அவன் கூப்பிட்டா எடுப்பேன். ஆனா இதச் சொல்றது உங்க வேலை." மலருக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டேன். கொடுங்கள் என்றான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அம்மா இல்லையா, இரண்டு சொல்கிறேன். அன்பில் ஒருவருடைய பொருளைத் திருத்தப்போனால் முதலில் அவரைக் கேள். நான் "இதென்ன வெள்ளை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மற்றது, குளிரிலும் பயத்திலும் நடுங்கும்போது மனிதருக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். ஆகக் கிட்ட நிற்கிறவன்தான் அகப்படுவான். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன் உன்னருகேதான் நிற்பான். அதை நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தும் விட்டேன். உன் பங்குக்கு நீ வருந்து, என் பங்கை நீ சுமக்காதே.

என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. சனிக்கிழமை கதைக்காமல் போனாலும் நான் தாங்குவேன். ஆனால் தனியே இறங்காதே. அங்கே ஒரு துணையைத் தேடு. கரையில் நேரம் எழுத ஒருவரை இருத்து. உன் கழுத்தை இன்னொருவர் தொட்டுப் பார்க்கவிடு. அதற்கு முதல், ஹலிஃபக்ஸுக்குப் போகும் வழியில் லாசால் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் கார் உன்னுடையது, காலை முழுக்க உன்னுடையது.

நீலக் கொப்பியை உன் நீல உடுப்புப் பெட்டிக்குள் மேலாகவே வைத்திருக்கிறேன், பவுடர் டப்பாவோடு. கடைசிப் பக்கத்தைத் திற. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் நேற்று எழுதினேன்: "அம்மா பூசிய எண்ணெய்." அதற்குக் கீழே அடுத்த வரியில் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறேன், உன்னுடையதையும் அவனுடையதையும். இறங்கிய நேரத்தை நீ எழுது. ஏறியதும் யாராவது ஒருவர் மற்றவருடைய தலையில் கையை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இந்த முறை நான் கத்தமாட்டேன்.

அம்மா